நடு அடுக்கில் ஒரு ஓட்டை

யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இல்லை, பல்லைக் கடிப்பது இவ்வளவு நீளமாக வராது, ற்ர்ர்ர் என்று இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் ற்ர்ர்ர், எந்த மனுஷனுக்கும் வாயில் இத்தனை பல் கிடையாது. சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையிலிருந்துதான் வருகிறது, அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் என் கம்ப்யூட்டரும் இருக்கிற அறை. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றால் முகி என் இடது கை மேல் தலையை வைத்துப் பால் குடிக்கிறாள், குடிக்கிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தூங்கிக்கொண்டே கவ்விக்கொண்டிருக்கிறாள், ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரு தடவை உறிஞ்சுகிறாள், நான் இன்னும் இருக்கிறேனா என்று பார்க்க மட்டும் உறிஞ்சுகிறாள். இப்போது கையை எடுத்தால் அழுவாள். அழுதால் அத்தை, என் மாமியார், எழுந்து வருவார். அத்தை எழுந்தால் அந்த அறைக்குள் போவார். போனால் முடிந்தது. விடியும்வரை அந்தக் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓட வேண்டும், எனக்கு அது மட்டும் போதும், வேறு எதுவும் கேட்கவில்லை, காலை வரை யாரும் அதைத் தொடாமல் இருந்தால் போதும். ற்ர்ர்ர். அது என்ன சத்தம்? அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தம் எனக்கு மனப்பாடம், முகியின் அழுகையில் பசி எது தூக்கம் எது என்று தெரிகிற மாதிரி தெரியும். உள்ளே கணக்குப் போடுகிற எட்டுப் பேரும் வேலை செய்தால் டவுன் பஸ் மேடேறுகிற சத்தம் வரும். ஒருத்தன் மட்டும் செய்தால் ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு முனகல். இன்றைக்கு ஒருத்தன் மட்டும்தான், முனகல்தான் கேட்க வேண்டும், இது முனகலும் இல்லை பஸ்ஸும் இல்லை.

சிரிப்பாக வருகிறது. புரோகிராமை வேகமாக்குவதற்குச் சம்பளம் வாங்குகிறவள், மெதுவாக ஓடுகிற ஒன்றுக்குக் காவல் கிடக்கிறேன். ஃபவுண்டரி உலையில் இரும்பை உருக்கி வார்த்த ஒரு வால்வை ஒரு சுழலும் தட்டில் வைத்துச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஒவ்வொன்றும் வெறும் நிழல், அந்த நிழல்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் திரும்ப ஊற்றி ஊற்றி வால்வின் உருவத்தை முழுசாகக் கட்டிவிட்டால் அதை அறுக்காமலேயே ரொட்டி மாதிரி துண்டு போட்டுப் பார்க்கலாம், இரும்புக்குள்ளே காற்று மாட்டிக்கொண்டு ஓட்டை விழுந்திருக்கிறதா என்று. பெரிய கம்பெனிகள் அதற்கென்று விலைகூடிய கார்டு போட்ட மெஷின் வைத்திருப்பார்கள். எங்களுடையது கணபதி ஏரியாவில் ஒரு மாடி, கீழே டயர் கடை, எங்களிடம் இருப்பது எந்த ஆபீஸிலும் மேசைக்கடியில் உதை வாங்கிக்கொண்டு கிடக்கிற சாதாரணக் கம்ப்யூட்டர், ராத்திரி வேலைக்காக அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் அதற்குள்ளேயே எட்டுப் பேர் இருக்கிறார்கள், எட்டு கோர், தனித்தனியாகக் கணக்குப் போடுகிற எட்டு மூளை. பழைய புரோகிராம், எழுதினவர் இப்போது கனடாவில், அந்த எட்டுப் பேரில் ஒருத்தனை மட்டும் வேலை வாங்கும், மற்ற ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், அதனால் ஒரு வால்வுக்கு ராத்திரி முழுக்க. நான் எட்டுப் பேரையும் இறக்கினேன். முதலில் இறக்கினபோது இன்னும் மெதுவாகப் போனது, முதலாளி ஜெயசீலன் சார் ஆபீஸில் எட்டிப் பார்த்து, "என்னம்மா, எட்டுப் பேர் சேர்ந்து யூனியன் வெச்சுட்டாங்களா?" என்றார். எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. கான்வென்ட் ஹாஸ்டலில் பரிமாற எட்டுப் பெண்கள், சாம்பார் வாளி ஒன்று, கரண்டி ஒன்று. சிஸ்டர் பெர்னதெத் மணியடிப்பார், லைன், கேர்ள்ஸ், லைன், எட்டுப் பேரும் கரண்டிக்காக லைனில் நிற்போம், அந்தக் கரண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதற்குள் சாதம் ஆறிவிடும். ஒரே ஒருத்தி பரிமாறியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அதேதான். என் எட்டுப் பேரும் ஒரே இடத்தில் எழுத வந்து நின்றார்கள். அதனால் வால்வைப் படுக்கை வாட்டில் எட்டு அடுக்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு அடுக்கு கொடுத்தேன், உன் அடுக்கை நீ கட்டு, அடுத்தவளைப் பார்க்காதே, பேசாதே. ராத்திரி முழுக்க ஓடினது நான் முகிக்கு ஒரு பக்கம் பால் கொடுத்து முடிப்பதற்குள் முடிந்தது. உண்மையாகவே. இந்தப் பக்கம் கொடுத்து மாற்றுவதற்குள் திரையில் வால்வு வந்து நின்றது, சாம்பல் நிறத்தில், அவ்வளவு அழகாக, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. குழந்தையைப் பெற்றபோது வராத அழுகை வால்வுக்கு வருகிறது என்று சொல்வார்கள்.

அதில்தான் ஓட்டை. நாலாவது அடுக்கு முடிந்து ஐந்தாவது தொடங்குகிற இடத்தில், சரியாக அங்கே, ஒரு பருப்பு அளவுக்கு. நாலாவது ஆள் தன் பங்கை முடித்து, ஐந்தாவது ஆள் தொடங்குகிற கோடு. அப்படியென்றால் என் தப்பு. ரெண்டு பேரும் இது உன்னுடையது, இது உன்னுடையது என்று நடுவில் ஒரு துண்டைக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். இல்லை, வால்வில் கழுத்தும் உடம்பும் சேர்கிற இடமும் அதுதான், இரும்பு அங்கேதான் கனமாக இருக்கும், கடைசியாக ஆறும், ஆறும்போது சுருங்கும், ஓட்டை விழுவதென்றால் அங்கேதான் விழும் என்று ஃபவுண்டரிக்காரரே சொன்னார். அப்படியென்றால் என் தப்பு இல்லை. ரெண்டும் ஒரே இடத்தில் வந்து உட்கார வேண்டுமா? உலகத்தில் வேறு இடமே இல்லையா? எட்டுக்குப் பதிலாக ஏழாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தேன், கோடு நகர்ந்தால் ஓட்டையும் நகர வேண்டும், நகர்ந்தால் என் தப்பு, நகராவிட்டால் இரும்பின் தப்பு. நகரவில்லை. ஆனால் சின்னதாகிவிட்டது. இது என்ன பதில்? நகராமலும் இருக்கிறது, அப்படியேயும் இல்லை, என் வீட்டுக்காரர் மாதிரி, வருகிறீர்களா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிற மாதிரி. சிஸ்டர் பெர்னதெத் கரும்பலகையில் எழுதுவார், எந்த வரிசையில் கூட்டினாலும் தொகை மாறாது. மாறும், சிஸ்டர். கம்ப்யூட்டரில் மாறும். அதற்குப் புள்ளிக்கு அப்புறம் இத்தனை இலக்கம்தான் பிடிக்கத் தெரியும், மீதியை ஒவ்வொரு தடவையும் நறுக்கிவிடும், அதனால் முதலில் எதைக் கூட்டினாய் அடுத்து எதைக் கூட்டினாய் என்பதைப் பொறுத்துத் தொகையின் வால் மாறும். ஆனால் அது தூசி அளவு. தூசியால் பருப்பு அளவுக்கு ஓட்டை விழாது. விழுமா? லட்சக்கணக்கான தூசி சேர்ந்தால்? சேராது, கூடுகிறதும் குறைகிறதும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். தெரியும், தெரிந்தும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன்.

"உன் புரோகிராமுக்கு உன் புரோகிராமே சாட்சி சொன்னா எப்படி?" என்று சார் போனில் சத்தம் போட்டார். நியாயம்தான். "ஓட்டை இருக்குன்னு சொன்னா அந்த ஃபவுண்டரிக்காரர் வார்த்து வெச்ச மொத்த லாட்டையும் திரும்ப உலைல போடணும். இல்லைன்னு சொல்லி இருந்துச்சுன்னா, எங்கேயோ எவன் மூஞ்சிலயோ அது வெடிக்கும். இன்னைக்காவது பழையதை முழுசா ஓட்டு. அது சொல்றதை வெச்சுப் பேசலாம். நாளைக்குக் காலைல வரலைன்னா நான் வால்வை பெங்களூர்ல பெரிய கம்பெனிக்கு ஸ்கேனுக்கு அனுப்பிடறேன், அப்புறம் இந்தப் புரோகிராம் பேச்சையே எடுக்காதே, பில்லிங் பக்கம் ஆள் இல்லாம கெடக்குது." பில்லிங். பிரசவத்துக்குப் போய் வந்தவளுக்கு இவர்கள் தருகிற இடம் எப்போதும் பில்லிங்தான். சரி சார் என்றேன். எஸ் சிஸ்டர் என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய். இந்த வாரத்தில் இது மூன்றாவது ஓட்டம். முதல் தடவை நட்டநடு ராத்திரியில் கரண்ட் போய், யூபிஎஸ் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு நின்றது. புதுப் பேட்டரி மாற்றினேன். இரண்டாவது தடவை அத்தை. காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி செத்துக் கிடக்கிறது. "நீ மறந்துட்டுத் தூங்கிட்டயாட்ட இருக்குதுன்னு நான்தான் அணைச்சேன் அம்மணி," என்று டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார், எனக்கு உதவி செய்த முகத்தோடு. அத்தைக்கு அது ஒரு பழக்கம், தூக்கத்தில் எழுந்து பாத்ரூம் போகிறபோது வழியில் தெரிகிற சுவிட்சை எல்லாம் தட்டிக்கொண்டே போவார், மாமா இருந்தபோது அவர் தறி ஓட்டிய ஷெட்டில் ஒரு தடவை ஒயர் பற்றி எரிந்ததாம், அதிலிருந்து. பழைய புரோகிராம் பாதியில் நின்றால் பாதி கூட மிஞ்சாது, எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருந்து கடைசியில்தான் எழுதும். அங்கங்கே எழுதி வைக்கிற மாதிரி மாற்றலாமே என்று யாராவது கேட்பார்கள். மாற்றலாம். மாற்றினால் அது பழையது இல்லை, என் கை பட்டதாகிவிடும், என் கை பட்டதை எப்படிச் சாட்சிக்குக் கூப்பிடுவது? அதனால் ஒரு எழுத்துக்கூடத் தொடாமல் சாயங்காலம் முகிக்குச் சோறு ஊட்டுவதற்கு முன்னால் ஓட விட்டேன். அத்தையிடம் சொன்னேன், இன்றைக்கு மட்டும் அணைக்காதீங்க அத்தை. "நான் எதுக்குத் தொடறேன்," என்றார். போன தடவை ஓட விட்டபோதும் அப்படித்தான் சொன்னார்.

ற்ர்ர்ர் ர்ர் ர். இப்போது குட்டையாகிவிட்டது. என்னங்க, என்னங்க, சத்தம் கேக்குதா? கட்டிலின் அந்தப் பக்கம் இவர் புரண்டார். "எலி." எலி இப்படிக் கத்துமா? "பெரிய எலி." போய்ப் பாருங்களேன். "தாரிணி, காலைல ஆறு மணிக்கு நான் திருப்பூர்ல நிக்கணும். எலி கம்ப்யூட்டரத் தின்னாது, தூங்கு." தின்னாது, ஒயரைக் கடிக்கும். இல்லை, எலி இல்லை, திருடன், பின்பக்க ஜன்னல் கம்பியை அரத்தால் ராவுகிறான், ராவி ராவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறான், எனக்குத் திருடனைவிட அவன் பிளக்கைப் பிடுங்குவான் என்பதுதான் பயமாக இருக்கிறது, அவனிடமே போய்ச் சொல்லலாம் போல, அண்ணா, காலை வரை இருங்க, முடிந்ததும் எடுத்துக்கிட்டுப் போங்க. பைத்தியம் பிடிக்கிறது. முகியின் மூச்சு கேட்கவில்லை. கேட்கவில்லையே. மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன், சூடான ஒரு இழை விரலில் படுகிறது, இருக்கிறாள். ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை இப்படி விரல் வைக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் இவள் வயிற்றுக்குள் இருந்தபோது ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள், ஏதோ கறுப்பாகத் தெரிகிறது என்றாள், பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் வந்து கருவியைச் சாய்த்துப் பிடித்து, ஒன்றுமில்லை, வெறும் நிழல் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை. வெறும் நிழல் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? எதனோடு வைத்துப் பார்த்தார்? கேட்கவில்லை. தாங்க்யூ டாக்டர் என்றேன். இப்போது என் திரையில் ஒரு கறுப்பு இருக்கிறது, அது நிழலா ஓட்டையா என்று நான் சொல்ல வேண்டும், எவனோ ஒருத்தன் அந்த வால்வுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கப்போகிறான், அவன் வீட்டில் யார் யாருக்கு மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறார்களோ. சிரித்துவிட்டுப் போக என்னால் முடியாது.

சத்தம் நின்றுவிட்டது. இது அதைவிட மோசம். ற்ர்ர்ர் இல்லை, முனகல் இல்லை, ஒன்றுமே இல்லை, சுவர்க்கடிகாரம் மட்டும். விசிறி நின்றுவிட்டதா? விசிறி நின்றால் சூடேறும், சூடேறினால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், அவ்வளவுதான், பெங்களூர், பில்லிங். அல்லது சமையலறைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டது, அதனால் கேட்கவில்லை. காற்றே இல்லையே. அப்போது செருப்புச் சத்தம், வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு, தேய்த்துத் தேய்த்து, ஹாலைத் தாண்டி, சமையலறைப் பக்கம். அத்தை. வேண்டாம். முகி, கண்ணு, விடுடா, ஒரு நிமிஷம் விடு, அம்மா வந்துவிடுவேன். சின்ன விரலை வாயோரத்தில் நுழைத்து மெல்ல விடுவிக்கப் பார்க்கிறேன், அவள் நன்றாக இறுக்கிக்கொள்கிறாள், தூக்கத்திலும் இவளுக்குத் தெரிகிறது நான் போகப் பார்க்கிறேன் என்று. செருப்பு நின்றது. சுவிட்ச் போர்டு அந்த அறைக்குள் நுழைந்ததும் வலது பக்கம், அத்தையின் தோள் உயரத்தில், யூபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்குப் போகிற சுவிட்சும் அதிலேதான். போதும். அவளை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன், ஜாக்கெட்டைக்கூடச் சரியாக மூடவில்லை, முகி ஒரு தடவை வீறிட்டுவிட்டு, பயந்து, என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அறையில் விளக்கு எரிந்தது. அத்தை போர்டுக்கு முன்னால் நின்றார், கை மேலே, விரல் சுவிட்சின் மேல், இன்னும் அழுத்தவில்லை. கண் முழுசாகத் திறக்கவில்லை. "அத்தை!" என்று நான் கத்தினது எனக்கே புதுசாக இருந்தது, இந்த வீட்டில் நான் இதுவரை கத்தினதில்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஏன் அம்மணி, என்னாச்சு? கருகற வாசம் வந்துச்சு, அதான்." வந்தது, எனக்கும் வந்தது. பெட்டி மேல் ஒரு துணி. அத்தையின் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்து, நாலு பக்கமும் மடித்துத் தைத்து, மிக்ஸிக்கும் டிவிக்கும் போட்டிருப்பது மாதிரியே ஒரு உறை, காற்று போகிற ஓட்டை எல்லாம் மூடி, தரைவரை. பின்பக்கம் அதன் ஓரத்து நூல் பிரிந்து விசிறிக்குள் போய்ச் சுற்றி அதை நிறுத்தியிருந்தது, ற்ர்ர்ர் இதுதான். பெட்டியில் கை வைத்தேன், தோசைக்கல். முகியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியை இழுத்தேன், வரவில்லை, பல்லால் நூலைக் கடித்து அறுத்தேன், மீதி இழையை நகத்தால் சுற்றிச் சுற்றி எடுத்தேன், எடுக்க எடுக்க வந்தது. விசிறி ஒரு தடவை தடுமாறிவிட்டு ஓடத் தொடங்கியது. திரையைத் தட்டினேன். இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் தாண்டி, ஒருத்தனாகவே, யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டே போயிருக்கிறான்.

"தூசி படுதேன்னு நீ படுத்தப்புறம் போட்டேன்," என்றார் அத்தை. "அரிசி மூட்டைப் பக்கத்துல வெச்சிருக்கறயே, ஒரே மாவுத் தூசி. அது உன்ற சாமான்னா கெட்டுப்போயிருமேன்னு." திட்ட வாய் வரை வந்தது. எதைச் சொல்லித் திட்டுவது? தையல் நேராக இருந்தது, மூலையில் ஒரு சின்னப் பூகூடப் போட்டிருந்தார். "அதுக்கு மூச்சு முட்டும் அத்தை," என்றேன், "முகிக்கு மூஞ்சியை மூடின மாதிரி." அவர் அந்தத் துணியை வாங்கிக் கையில் சுருட்டிக்கொண்டார். "அப்ப அணைச்சுப்போடு சாமி. இத்தனை சூடாக் கெடக்குது. காலைல போட்டுக்கலாம்." "இல்லைங்க அத்தை." "தீப்பிடிச்சா?" "பிடிக்காது. நான் இங்கயே இருக்கேன்." "கைப்புள்ளையை வெச்சுட்டா? அரிசி மூட்டை நடுவுல?" "ஆமாங்க." அவர் என்னைப் பார்த்தார், சண்டைக்கு வருவாரோ என்று நினைத்தேன், வந்தால் நான் அழுதுவிடுவேன், அழுதால் சரிங்க அத்தை என்று சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். "காலைல அதுல என்ன தெரியோணும்?" என்று கேட்டார். ஒரு இரும்புக்குள்ள ஓட்டை இருக்கா இல்லையான்னு. "இருந்தா உனக்கு நல்லதா, இல்லாட்டி நல்லதா?" இத்தனை நாளில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி, நானே கேட்டுக்கொள்ளாதது. ஓட்டை இருந்தால் என் புரோகிராம் ஜெயித்தது, அந்த மனுஷனின் லாட் முழுக்க உலைக்குப் போகும். இல்லாவிட்டால் அவர் பிழைத்தார், நான் பில்லிங். "தெரியலைங்க," என்றேன், "எதுவா இருந்தாலும் எனக்கு நிஜமாத் தெரியணும்." அத்தை திரும்பி நடந்தார். போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு பாயும் முகியின் போர்வையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார், மூட்டையைக் காலால் தள்ளி இடம் பண்ணிப் பாயை விரித்தார், ஃபேன் சுவிட்சைத் தட்டினார், வாசலுக்குப் போய் நின்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடையதோ என்கிற மாதிரி. "அம்மணி, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கோ. தூக்கக் கலக்கத்துல நான் திரும்ப எந்திரிச்சு வருவேன், இந்தக் கை சொன்னபடி கேக்காது. நான் தட்டுனாலும் தொறக்காதே. அத்தை திட்டறாளேன்னு தொறக்காதே." சரிங்க அத்தை என்றேன். அவர் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார், செருப்புச் சத்தம் போகவில்லை, நான் போடுகிறேனா என்று கதவுக்கு அந்தப் பக்கமே நின்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், முகியைப் பாயில் கிடத்திவிட்டு, இரண்டு கையாலும் அழுத்தி, தாழ்ப்பாளைப் போட்டேன்.